பேட்டரியில் காதை வைத்த பாஸ்

கம்பளையில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் அந்த பாஸுக்கு, அதாவது மேஸ்திரிக்கு, பெரிய பேர். அவர் வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் இருக்காது. வேலை செய்தால்தானே இருக்கும். பேட்டரி மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார், பெரிய டாக்டர் மாதிரி.

என் மகனின் ஆட்டோ மூன்று நாளாகக் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. அதில் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிந்திப் போனார்கள். இன்னொரு நாள் இப்படியென்றால் வேறு ஆட்டோ பார்ப்போம் என்று தாய்மார் சொல்லிவிட்டார்கள்.

பாஸ் வந்து காதை வைத்தார். "பேட்டரி செத்துப்போச்சு தம்பி, புதுசு போடுங்க."

போட்டோம். அதுவும் இரண்டே நாளில் படுத்துவிட்டது. மறுபடியும் வந்து காதை வைத்தார்.

எனக்கு வெளியாட்களோடு பேச வராது. கதவுக்குப் பின்னால் நின்றே சொன்னேன்: "ஆட்டோவுல இருக்கிற முருகன் படத்துக்கு நீங்க மாட்டின பல்ப் மாலை, சாவியை எடுத்தாலும் அணையாம எரியுதுங்க."

"சாமி லைட்டையா அணைக்கச் சொல்றீங்க? பாவம்மா! நீங்க போய் அடுப்பைப் பாருங்க."

அவர் போனதும் மகன் முருகனைக் கும்பிட்டுவிட்டு அந்த வயரைக் கழற்றினான். பேட்டரியைச் சார்ஜ் பண்ணிப் போட்டான். அதற்குப் பிறகு ஆட்டோ ஒரு நாளும் நிற்கவில்லை. பிள்ளைகளும் எங்களை விட்டுப் போகவில்லை.

அடுத்த கிழமை கடைத்தெருவில் பாஸ் என்னை மறித்தார். "பாத்தீங்களாம்மா? அன்னைக்கு முருகனை நெனச்சுத்தான் தொட்டேன், சரியாயிருச்சு!"

நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அந்த மனிதர் அதை நம்பிக்கொண்டல்லவா நின்றார்.