ஊர் எழுதாத செடி

செமோர் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பால்மரம் வெட்டத்தான் தெரியும். தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். யார் முகத்தையும் பார்த்துப் பேச வராது. அப்படிப்பட்டவளை ஒரு வெள்ளைக்கார டீச்சர் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்.

இங்கிலீஷ்காரர் இல்லை. போலந்து நாட்டுக்காரர். கல்யாணம் ஆகாதவர். பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பார். லீவு வந்தால் தனியாகப் பஸ் ஏறிச் சுண்ணாம்பு மலைகளுக்குச் செடி பறிக்கப் போய்விடுவார். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். என்னை "அடிக்" என்பார், தங்கச்சி என்று அர்த்தம்.

"ஒங்க டீச்சரு ஆடு கீடு வளக்குறாங்களா? பை நெறைய தழை ஒடிச்சிட்டு வராங்களே லா" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

"ஆமா, வளக்குறாங்க. நீங்க படிச்சுப் போடுற பேப்பருதான் அதுக்குத் தீனி" என்பேன். அவரிடம் மட்டும் எனக்கு வாய் உண்டு.

பேப்பர் விஷயம் நிஜம்தான். டீச்சர் ஒவ்வொரு செடியையும் எங்கள் வீட்டுத் தமிழ்ப் பேப்பருக்குள் பரப்பி, மேலும் கீழும் ஈரம் உறிஞ்சும் தடித்த தாள் வைத்து, இரண்டு பலகைக்கு நடுவே வாரால் இறுக்கிக் கட்டிக் காயவைப்பார். தடித்த தாளைத் தினமும் மாற்றிக் காயப்போடுவது என் வேலை. உள்பேப்பரைத் தொடச் சொன்னதில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை.

ஒரு வருஷக் கடைசியில் டீச்சருக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த வாரம் விடாத மழை. கூரை ஒழுகி, கடைசியாகக் கட்டி வைத்த கட்டு நனைந்துவிட்டது. அவிழ்த்துப் பார்த்தால் உள்பேப்பரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். நான் ஒவ்வொரு செடியையும் மெதுவாகத் தூக்கிப் புதுப் பேப்பரில் வைத்தேன். பழையதை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். ஓரத்தில் பென்சில் கிறுக்கல் இருந்தது. கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. செடிகளைக் காப்பாற்றிவிட்டேன் என்று சந்தோஷம்கூட.

டீச்சர் வீட்டுக்கு வந்ததும் அந்தக் கட்டைத்தான் பிரித்தார். ஓரங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்றவை அவருக்குப் பழகிய செடிகள், எந்த மலை என்று யோசித்து எழுதிவிட்டார்; ஒன்றில் மட்டும் நின்றார். விரல் நீளத்தில், ரோமம் படர்ந்த இலையும் வெள்ளைப் பூவுமாக ஒரு செடி.

"இதை இதுக்கு முன்னாடி நான் எங்கேயும் பாத்ததில்ல. எந்த மலைன்னு எழுதாம விட்டுட்டேனா, அடிக்?"

அந்த லீவில் நாலு மலைக்குப் போயிருந்தார். பேப்பர் ஓரத்தில் பென்சிலால் எழுதிய மலைப் பேரை ஞாயிற்றுக்கிழமைதான் நோட்டில் ஏற்றுவார். அந்த ஞாயிறு ஆஸ்பத்திரியில் போனது. பழைய பேப்பரும் தமிழ், புதுப் பேப்பரும் தமிழ். அவருக்கு வித்தியாசம் தெரியாது.

"காய்ச்சல்ல மறந்திருப்பேன்" என்று அவரே சொன்னார்.

நான் தலையாட்டினேன்.

உடம்பு தேறியதும் அந்தச் செடியைத் தேடிக் கிளம்பினார். நானும் வாரேன் என்று கூடவே போனேன். மூன்று மலையில் இல்லை. கடைசியாக சிம்பாங் பூலாய் மலை. அங்கே கல்லுக்காகப் பாதி மலையை வெடி வைத்து எடுத்திருந்தார்கள். மிச்சமிருந்த இலையெல்லாம் வெள்ளைத் தூசி. டீச்சர் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"சண்டை நேரத்துல எங்களை ஊரை விட்டு ரயில்ல ஏத்திட்டாங்க. வழியில அம்மா செத்துட்டாங்க. எந்த ஸ்டேஷன் பக்கத்துல பொதைச்சாங்கன்னு யாரும் எழுதி வைக்கல. எனக்கு அப்ப பத்து வயசு, எழுதத் தெரியும். எழுதல. அதுலேருந்து எதையும் எழுதாம விட்டதில்ல அடிக். இப்ப அதுவும் போச்சு."

சொல்ல வாயெடுத்தேன். பஸ் வருது என்று எழுந்துவிட்டார்.

அடுத்த வருஷம் பள்ளி வேலையை விட்டார். "மறக்குற தலைய வெச்சிக்கிட்டு பிள்ளைங்களுக்கு மார்க்கு போடக்கூடாது" என்றார். மலைக்கும் போகவில்லை. அவர் எழுத மறக்கவில்லை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

எண்பதுகளில் படுக்கையில் விழுந்தார். ஒரு நாள் பின்னால் உட்கார்ந்து தலை சீவிவிட்டபடி எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில் சொன்னேன். மலாயில் சொல்லத் தைரியம் வரவில்லை.

"ஒன் பாஷை கேக்க நல்லா இருக்கு. இன்னும் பேசு" என்றார்.

அந்த மாதமே போய்விட்டார்.

செடிக் கட்டுகளை எடுத்துப் போக யாரோ படித்தவர்கள் வேனில் வந்தார்கள். ஒரு தம்பி அந்த வெள்ளைப் பூச்செடி இருந்த தாளை மட்டும் ஒதுக்கினான்.

"இதுல எடம் எழுதல அக்கா. எதுக்கும் ஆவாது, வீசிருங்க."

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இன்றும் என் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. பூ பழுப்பாகிவிட்டது. மலைப் பேர் இருக்க வேண்டிய ஓரத்தில் நான் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: டீச்சர் எழுதித்தான் வைத்தார். எரித்தது நான்.