எறியாத கடதாசிகள்

வன்கூவருக்கு வேலைக்குப் போன பிறகு என் மகன் வருடத்தில் ஒரு தடவைதான் ரூஜில் இருக்கிற என் வீட்டுக்கு வருகிறான். வந்தாலும் குனிந்த தலை நிமிராமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். "கறி உறைப்போ?" என்றால் "இல்லை அம்மா." "இன்னும் ரெண்டு இடியப்பம்?" என்றால் "காணும் அம்மா." நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அவனுடைய முகம் வேண்டும். அதைப் பார்க்கத்தானே வருடம் முழுக்கக் காத்திருக்கிறேன்.

போன மார்கழியில் அவன் நின்ற கடைசி ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பள்ளிக்கூடச் சிநேகிதர் மூன்று பேர் போக்கர் விளையாட வந்தார்கள். வரவேண்டிய இன்னொருவன் ஸ்னோவைச் சாட்டி நின்றுவிட்டான். "அன்ரி, நீங்கள் வாங்கோவன்," என்று ஒருவன் பகிடிக்குக் கேட்டான். நான் கோப்பை கழுவுவதை விட்டுவிட்டு மகனுக்கு நேரெதிரே போய் இருந்துவிட்டேன். கேட்டவன் முழித்தான்.

எனக்குக் கடதாசி விளையாடத் தெரியாதா என்ன? டோர்செட் பார்க் அப்பார்ட்மெண்டில் இருந்த காலத்தில், என் கணவரும் நானும் ஒரு பக்கமாக இருந்து முந்நூற்றிநாலு விளையாடி, பக்கத்து வீட்டுக்காரரை ஓட ஓட விரட்டியிருக்கிறோம். அந்த விளையாட்டில் ஜாக்தான் எல்லாவற்றிலும் பெரிது. அதற்கு அடுத்தது ஒன்பது. ஆசும் கிங்கும் கைகட்டி நிற்கவேண்டும்.

ஆகவே முதல் தடவையே ஜாக்கும் ஒன்பதும் வந்ததும் எனக்கு வாயெல்லாம் பல். பந்தயம் காசு இல்லை, பிளாஸ்டிக் வில்லைகள்தான். அவை முடிந்தால் எழும்பிப் போகவேண்டும், அவ்வளவுதான். மகன் கூட்டிக் கூட்டி வைத்தான். நானும் விடாமல் வைத்தேன். கடைசியில் என் இரண்டு கடதாசியையும் பெருமையோடு விரித்தேன். அவனிடம் இருந்த இரண்டு குயினும் வென்றுவிட்டன.

"அம்மா, உதை ஏன் வைச்சிருந்தனீங்கள்?"

"ஜாக்கும் ஒன்பதும் வந்தால் ஆரும் எறிவினமே?"

மேசை முழுக்கச் சிரித்தது. அவர்களுடைய அப்பாமாரும் இதே பிழையைத்தான் விடுகிறார்களாம்.

"இஞ்சை ஒன்பது சின்னக் கடதாசி, அம்மா. பார்ட்னரும் இல்லை. முக்கால்வாசி நேரம் கடதாசியை எறிஞ்சு ஃபோல்ட் பண்ணோணும். சும்மா சும்மா வில்லையை வைச்சுக் கோல் பண்ணாதேங்கோ."

பார்ட்னர் இல்லாமல் இருப்பது எனக்குப் பழகிப்போன விஷயம். சொன்னபடி எறிந்தேன். எறிந்தவளை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மகன் விளையாடுகிறவர்களைப் பார்த்தான், நான் சுவரைப் பார்த்தேன். தேத்தண்ணீர் போட எழும்பலாமா என்றுகூட நினைத்தேன்.

பிறகு ஒரு தடவை இரண்டு கிங் வந்தது. மகன் வைத்ததற்கு மேலே கூட்டி வைத்தேன். அவன் நிமிர்ந்தான். என்னிடம் என்ன இருக்கிறதென்று கண்டுபிடிக்க என் கண்ணைப் பார்த்தான், வாயைப் பார்த்தான், திரும்பவும் கண்ணைப் பார்த்தான். ஐயோ, எத்தனை நாளாயிற்று! தாடியில் ஒரு நரை. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. இதெல்லாம் போனில் தெரியவேயில்லை.

அதற்குப் பிறகு நான் எதையும் எறியவில்லை. அவன் எப்போதெல்லாம் வைத்தானோ அப்போதெல்லாம் நானும் வைத்தேன். "அன்ரிக்கு விசர்," என்று சிநேகிதர் சிரித்தார்கள். என் வில்லைகள் கரைந்துகொண்டே போயின.

கடைசியில் ஒரு இரண்டும் ஒரு ஏழும் வந்தன. அதைவிடக் கெட்ட கடதாசி இல்லை என்று அவனே சொல்லித் தந்திருந்தான். மற்றவர்கள் எறிந்துவிட்டார்கள். மிச்சமிருந்த வில்லைகள் எல்லாவற்றையும் நடுவுக்குத் தள்ளினேன். அவன் நாடியில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"உண்மையா இருக்கோ, அம்மா? பொய்தானே?"

அவன் பார்த்துக்கொண்டேயிருந்தான். அவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தைக் கண்டதும் என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"அங்கை உனக்கெண்டு ஆரும் இருக்கினமே, அப்பு?"

அவன் தன் கடதாசிகளைக் கவிழ்த்து வைத்தான்.

"ஃபோல்ட்."

சிநேகிதர் கைதட்டினார்கள். வில்லைகள் எல்லாம் என் பக்கம் வந்தன. கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.