தேத்தண்ணி ஷமீரும் அலெக்ஸின் காதும்

மன்னார்ப் பள்ளிமுனையில் அலெக்ஸாண்டர் வீடு எது என்று கேட்டால் எந்த அலெக்ஸாண்டர் என்று திருப்பிக் கேட்பார்கள். றொக் அலெக்ஸ் என்றால் சின்னப் பிள்ளையும் கைகாட்டும். வயது முப்பத்தொன்பது. தொழில், முதுகில் சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் இறங்கிச் சங்கு எடுப்பது. கரையில் இருக்கிற நேரமெல்லாம் ‘ஏழாம் நங்கூரம்’ என்ற கொழும்புத் தமிழ் றொக் இசைக்குழுவைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது. முதலாவது வேலை வயிற்றுக்கு. இரண்டாவதை யாரும் கேட்காமலே செய்தான், அதனால் அதில் கண்டிப்புக் கூட.

அந்தக் குழு இதுவரை மூன்று இறுவட்டுகள் போட்டிருக்கிறது. முதலாவது ‘தகரக் கூரை’, 2011இல் வந்தது. யாருடையதோ கார்க் கொட்டகையில் ஒலிப்பதிவு செய்தார்களாம். டிரம்ஸ் பிஸ்கட் தகரத்தில் அடித்த மாதிரித்தான் கேட்கும். ஆனாலும் அலெக்ஸுக்கு அது வேதப்புத்தகம். மூன்றாவது ‘மின்வெட்டு’, நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் வந்தது. அதில் கீபோர்ட் கூடிவிட்டது, தொதலுக்குச் சீனி கூடினால் இரண்டாவது துண்டு இறங்காது என்று முகநூலில் எழுதினான். நேரடிக் கச்சேரி ஒன்றுக்கும் அவன் போனதில்லை. கடலுக்குப் போகிறவனுக்குக் கொழும்புப் பயணம் எங்கே வாய்க்கிறது? பிறர் போனில் பிடித்துப் போடும் காணொளிகளைப் பார்த்தே நல்லது கெட்டது சொல்வான். மட்டக்களப்புக் கச்சேரி நல்லது, மழை வந்தும் சனம் ஓடவில்லை. கொழும்பு மண்டபக் கச்சேரி சரியில்லை, மெத்தைக் கதிரையில் ஆளை இருத்தி வைத்தால் அது றொக் இல்லை, கலியாண வீடு.

இரண்டாவது இறுவட்டு ‘வெளிக்கிடு’. வில்லங்கம் அதில்தான் தொடங்கியது.

‘வெளிக்கிடு’வில் ‘காயாத சட்டை’ என்றொரு பாட்டு. அலெக்ஸுக்கு அந்தப் பாட்டென்றால் உயிர். ஆனால் நடுவிலே அரை நிமிடம் பாட்டு நிற்கும், டிரம்ஸும் பேஸும் மட்டும் தட்டிக்கொண்டிருக்கும். குழுவில் கிற்றார் வாசிப்பவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் ஷமீர். அந்த இறுவட்டு முழுவதும் ஷமீர் என்ன செய்கிறார் என்றே அலெக்ஸுக்கு விளங்கவில்லை. முகநூலில் நாலாயிரம் பேர் இருக்கிற இரசிகர் குழுவில் ஒருநாள் எழுதினான்: “காயாத சட்டையில் நடு அரை நிமிடம் ஷமீர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். வந்ததும் பாட்டுத் தொடரும்.”

ஐந்நூறு பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த மனிதனுக்கு நாடு முழுக்கத் தேத்தண்ணி ஷமீர் என்று பெயர் விழுந்தது. பாட்டுகளுக்கும் பேட்டிகளுக்கும் கீழே வந்து தேத்தண்ணிக் கோப்பைப் படம் போட்டார்கள். மன்னார் ரவுணில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிற றிபாத் ஒருவன்தான் மறுத்தான். அவனும் பழைய இரசிகன், அலெக்ஸின் கூட்டாளி. அந்த இடம் நல்லாத்தானே இருக்கிறது என்று அவன் சொல்ல, அங்கே என்ன இருக்கிறது, ஒன்றுமே இல்லையே என்று அலெக்ஸ் சொன்னான். உனக்குக் காது சரியில்லை என்றும் சேர்த்துச் சொன்னான்.

சொன்னவனின் காதைப் பற்றி இப்போது சொல்லிவிட வேண்டும். இருபத்துநாலு வயதில் மூக்கடைத்த தடிமனோடு கடலில் இறங்கினான். தடிமன் இருந்தால் இறங்கக்கூடாது என்று சங்கு குளிக்கிற எவனுக்கும் தெரியும், இளந்தாரிக்குச் சொல்லி யார் கேட்டது? ஆறு பாகம், முப்பத்தாறு அடி ஆழத்தில் இடது காதுக்குள் ஏதோ உடைந்தது. மேலே வந்தபோது காதிலிருந்து இரத்தம். ஒரு மாதத்தில் நோவு மாறியது, கேட்கும் சக்தி திரும்பி வரவில்லை. ‘ஏழாம் நங்கூர’த்தின் முதல் பாட்டை அவன் கேட்டதே அதற்குப் பிறகுதான். இயர்போனில் இடது பக்கத்து வயரை வெட்டி எறிந்துவிட்டு வலதை மட்டும் போட்டுக்கொண்டு திரிவான். கேட்டால், பெண்சாதி கூப்பிடுவது கேட்க வேண்டாமா, அதற்குத்தான் ஒரு காதைத் திறந்து வைத்திருக்கிறேன் என்பான். சனம் சிரிக்கும். அந்தத் திறந்த காதுக்குள் தான் கூப்பிட்டது ஒன்றும் போகாது என்று அவன் மனைவி நிறஞ்சலாவுக்கு மட்டும் தெரியும். அவள் எப்போதும் அவனுக்கு வலப்பக்கமாகவே நடப்பாள்.

முதலில் வெட்கத்தில் ஒளித்தான். பிறகும் ஒளித்ததற்குக் காரணம் சம்மாட்டி. அலெக்ஸ் போகிற வள்ளம் சீவரத்தினம் சம்மாட்டியுடையது. இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய வள்ளத்தில் போன ஒருவன் மேலே வருகிற நேரம் வேறொரு வள்ளத்தின் எஞ்சினில் அடிபட்டுச் செத்தான். அந்தப் பக்கத்துக் காது அவனுக்குச் செவிடு என்பது செத்தவீட்டில்தான் தெரிய வந்தது. மூடிய சவப்பெட்டிக்குப் பக்கத்தில் சம்மாட்டி மூன்று மணித்தியாலம் நின்றார், கதிரையில் இருக்கவில்லை. அதற்குப் பிறகு தன்னிடம் இருந்த ஒன்பது பேரையும் தனித்தனியே கூப்பிட்டுக் காது சுகமா என்று கேட்டார். சுகமில்லாதவன் இனித் தண்ணிக்குள் இறங்க வேண்டாம் என்றார். இரண்டும் சுகம் என்று அலெக்ஸ் சொன்னான். அந்தோனியாரைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை, அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது. பதினெட்டு வயதிலிருந்து கடலுக்கடியில் வாழ்ந்தவனுக்கு வேறென்ன தொழில் தெரியும்?

இந்த நிலையில்தான் ‘ஏழாம் நங்கூரம்’ மன்னாருக்கு வருகிறது என்ற செய்தி வந்தது. பள்ளிமுனை இளைஞர் கழகமொன்றின் இருபத்தைந்தாவது ஆண்டு விழா. ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கி ஏழுக்குள் முடிக்க வேண்டும் என்று பொலிஸ் அனுமதி. மேடையும் ஜெனரேற்றரும் சீவரத்தினம் சம்மாட்டியின் உபயம். ஊர் வழக்கப்படி முடிவில் கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும், ஒருவர் வாழ்த்துரை சொல்ல வேண்டும். இரசிகர் சார்பில் அலெக்ஸை விட்டால் யார்? கழகத்தார் வந்து கேட்டதும் அவன் கொப்பித் தாளில் நாலு பக்கம் எழுதினான். மூன்று இறுவட்டுக்கும் தீர்ப்பு இருந்தது, தேத்தண்ணியும் இருந்தது. நேரில் வைத்துச் சொன்னால்தான் ஆம்பிளை என்று றிபாத்துக்கு வீரம் பேசினான். நிறஞ்சலா வாசித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியை இப்படியா பேசுவது என்று கேட்டாள். றொக்கில் விருந்தாளி இல்லை என்றான்.

ஞாயிறு வந்தது. மைதானத்தில் ஊரே நின்றது. முன் வரிசையில் பங்குத்தந்தை, பக்கத்தில் வெள்ளைச் சேட்டும் சாரமுமாகச் சம்மாட்டி. அலெக்ஸ் மேடைக்கு வலப்பக்கம், ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து பத்து முழத்தில் நின்றான். பாட்டுத் தொடங்கியதும் நெஞ்செலும்பு அதிர்ந்தது. பதினாலு வருடம் ஒற்றை வயருக்குள்ளால் வந்த பாட்டு இப்போது வயிற்றுக்குள்ளால் வந்தது. அழுதான். அதை மறைக்கவும் இல்லை, பக்கத்தில் நின்றவன் எல்லாம் அழுதுகொண்டுதான் நின்றான்.

ஒன்பதாவது பாட்டு ‘காயாத சட்டை’. நடு அரை நிமிடம் வந்ததும் சனத்துக்குள் இருந்து நாலைந்து பேர் “தேத்தண்ணி” என்று கத்தினார்கள். அலெக்ஸ் சிரிக்க வாயைத் திறந்தான். அந்த நேரம் ஷமீர் ஒரு அடி முன்னுக்கு வந்து வாசிக்கத் தொடங்கினார். டிரம்ஸுக்கும் பேஸுக்கும் மேலே கிற்றார் தனியே ஏறியது, ஏறி, தடுக்கி, அழுகிற பிள்ளை மூச்சுப் பிடிப்பது போல ஒரு இடத்தில் நின்று, பிறகு இறங்கி வந்து பாட்டின் கையைப் பிடித்தது. அந்தப் பாட்டு எதற்காக எழுதப்பட்டதோ அது அந்த அரை நிமிடத்தில்தான் இருந்தது.

“இது புதுசா சேர்த்தவையோ?” என்று றிபாத்தின் காதுக்குள் கத்தினான்.

“என்ன புதுசு? பாட்டில இருக்கிறதுதானே மச்சான். நீ தேத்தண்ணி எண்டு பகிடி பண்ணுற இடம்.”

அலெக்ஸ் அவனைக் கூட்டத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனான். றிபாத்தின் போனையும் முழு இயர்போனையும் வாங்கி, இடது பக்கத்துக்குரியதை எடுத்து வலது காதில் வைத்து அதே பாட்டைப் போட்டான். ஷமீர் இருந்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் இருந்தார். அந்த இறுவட்டில் ஒரு கிற்றாரை ஒரு காதுக்கும் மற்றதை மற்றக் காதுக்கும் பிரித்து வைத்திருக்கிறார்கள், மேடையில் அப்படிப் பிரிப்பதில்லை என்பதை போன் கடைக்காரனான றிபாத் அப்போதுதான் விளங்கப்படுத்தினான். விளங்கப்படுத்திக்கொண்டே அலெக்ஸின் இடது காதைப் பார்த்தான்.

அப்படியானால் அந்த நாலாயிரம் பேர்? அவர்களுக்கு இரண்டு காதும் கேட்கும். ஷமீர் அங்கே இல்லை என்று அலெக்ஸ் எழுதியதை, வாசிப்பில் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். றொக் அலெக்ஸே சொல்லிவிட்டான் என்று, காதால் கேட்டதை விட்டுவிட்டுக் கண்ணால் வாசித்ததை நம்பினார்கள். சனத்தின் காது அப்படித்தான்.

ஆறே முக்காலுக்கு அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடைப் படியில் கால் வைக்கும்போது கணக்கெல்லாம் மனதில் ஓடியது. எல்லாரும் நல்லாய் வாசித்தீர்கள் என்று சொல்லி இறங்கிவிடலாம். பிழை விட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னால், மேடை மரியாதைக்குச் சொல்கிறான் என்று நினைப்பார்கள், தேத்தண்ணி அப்படியே நிற்கும். காரணத்தைச் சொன்னால்தான் அந்தப் பெயர் ஒழியும். காரணத்தைக் கேட்கப் போகிற ஆள் முன் வரிசையில் கால்மேல் கால் போடாமல் நேராக இருக்கிறார். பயமாகத்தான் இருந்தது. நாலு பக்கத் தாளை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தான்.

“எனக்கு இடது காது கேளாது,” என்று மைக்கில் சொன்னான். “பதினைஞ்சு வருசமா கேளாது. கடலில போனது. நான் இந்த இறுவட்டெல்லாத்தையும் ஒரு காதாலதான் கேட்டனான். ஷமீர் அண்ணை வாசிச்சது மற்றப் பக்கத்தில இருந்திருக்கு. நான் கேக்காமலே தீர்ப்புச் சொல்லிப்போட்டன். தேத்தண்ணி எண்டு எழுதினது நான்தான். ‘வெளிக்கிடு’தான் இவையளின்ர திறமான இறுவட்டு. அதில திறமான இடம் அந்த அரை நிமிசம்.”

யாரும் கைதட்டவில்லை, எதற்குத் தட்டுவது என்று தெரியவில்லை. ஷமீருக்குப் பொன்னாடை போர்த்தக் கிட்டப் போனான். ஷமீர் சுற்றிக்கொண்டு அவனுடைய வலப்பக்கம் வந்து நின்றார்.

“அந்த இடத்தை மேடையில வாசிக்கிறதை விட்டு ஆறு வருசம்,” என்றார். “இண்டைக்கு உங்கட ஊர் எண்ட கோபத்திலதான் வாசிச்சன்.”

“கோபத்தோடயே வாசியுங்கோ அண்ணை. அதுதான் நல்லா இருக்கு,” என்றான் அலெக்ஸ். தீர்ப்புச் சொல்கிற வாய், சும்மா இருக்குமா? ஷமீர் சிரித்துவிட்டார்.

சனம் கலைந்தது. நிறஞ்சலா மேடைக்குக் கீழே காத்து நின்றாள். அவனுக்கு வலப்பக்கமாக நடந்தாள். மைதான வாசலில் சம்மாட்டி நின்றார். அவர்கள் அவரைத் தாண்டும்போது அலெக்ஸின் இடப்பக்கமாக வந்து கூட நடந்தார். நாலு எட்டு நடந்திருப்பார். பிறகு முன்னால் வந்து மறித்து, வலது காதுக்கு நேரே நின்றார்.

“மற்றப் பக்கத்தில நிண்டு நான் சொன்னது கேட்டதோ?”

“இல்லைச் சம்மாட்டி.”

“அப்ப நாளையில இருந்து நீ தண்ணிக்குள்ள இறங்க வேண்டாம்.”

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார். பொய் சொன்னாயே என்று ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அலெக்ஸுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். தேவாலயச் சந்தி வரைக்கும் இருவரும் நடந்து வந்தார்கள். நாளைக் காலை எழும்பி எங்கே போவது என்று அவனுக்குத் தெரியவில்லை. சந்தியில் நின்று நிறஞ்சலாவைக் கேட்டான்.

“அந்தாள் முதல் என்ன சொன்னவர்?”

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

“இன்னொரு பெட்டிக்குப் பக்கத்தில நிக்க என்னால ஏலாது மகன் எண்டவர்,” என்றாள்.