அடியும் சேர்த்துத்தான் கூலி

தக்கலைச் சந்தையில் கருவாட்டுக் கடைக்கு வேலைக்குப் போன முதல் வாரமே எனக்கு அடி விழுந்தது. சாளைக் கருவாடு வாங்கிப் போன ஒரு பெண் திரும்பி வந்து எடை குறைகிறது என்று சத்தம் போட்டாள். முதலாளி சாக்குகளுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. என் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு அவள் பெட்டியில் ஒரு பிடி கருவாட்டை அள்ளிப் போட்டு, இவள் புதியவள், கை பழகவில்லை என்றார். அந்தப் பெண் என் கன்னத்தைப் பார்த்தாள். மனம் நிறைந்து போய்விட்டாள்.

என் கணவர் அப்போது கொழும்புக்குப் போய், போன இடம் தெரியாமல் இருந்தார். நானும் மாமியாரும் கஞ்சி குடிக்க வேண்டுமே. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவள் என்று சொல்லித்தான் அந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். படிப்புக்கு அங்கே வேலை இருக்கவில்லை. விடிந்ததும் பனையோலைக் கடவங்களை இறக்க வேண்டும், புழு விழுந்ததைப் பொறுக்க வேண்டும், காய்ந்து எடை குறைந்த கருவாட்டின் மேல் உப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். வாளைக் கருவாட்டின் பல் கீறிய விரல்களில் அந்த உப்பு இறங்கும்போது கண்ணில் நீர் முட்டும். அதோடுதான் தராசு பிடிக்க வேண்டும்.

என்னோடு வேலை பார்த்தவள் கடற்கரைக்காரி. என்னைவிட மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். கட்டுமரம் கவிழ்ந்து கணவன் போனபின், சின்னப் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்து நின்றவள். எனக்கு அடி விழுந்த அன்று, முதலாளி சாப்பிடப் போன நேரத்தில், தராசில் வைக்கும் இரும்புப் படிக்கல்லைக் கவிழ்த்துக் காட்டினாள். அடிப்பக்கம் குடையப்பட்டு, அந்தக் குழியில் கறுப்பு மெழுகு அடைத்திருந்தது.

"எடை குறையத்தான் செய்யும். கேட்டு வாறவங்களுக்கு முன்னால நம்மள அடிச்சாத்தான் அவரு யோக்கியன். கன்னத்த கொஞ்சம் திருப்பிக் குடு மக்கா. காதுல விழாம பாத்துக்க."

அப்படித்தான் அந்தத் தொழிலைப் படித்தேன். அடி வரும்போது பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும், நாக்கு நடுவில் இருக்கக் கூடாது. உடனே அழுதால் வாங்க வந்தவருக்கு இரக்கம் வந்து பேச்சு சீக்கிரம் முடியும். முதலாளி கோபக்காரர் அல்ல, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபமே இல்லாமல் அடிப்பார். அடித்த கையோடு, கஞ்சி குடித்தாயா என்று கேட்பார். வாங்க வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. நாறுகிறது என்று சொல்லி ஒருவர் என் முகத்தில் கருவாட்டை எறிந்தார். விலை படியாத ஒருத்தி என் கையைப் பிடித்து முறுக்கினாள். அவளை நானும் தள்ளிவிட்டேன், அதற்கும் முதலாளியிடம் வாங்கினேன்.

ஒரு மழைக்காலச் சந்தை நாளில் பூதப்பாண்டிப் பக்கமிருந்து ஒரு வண்டிக்காரர் வந்தார். அறுவடை ஆட்களுக்கு என்று இரண்டு கடவம் நிறைய நெத்திலி வாங்கினார். அக்காதான் நிறுத்துக் கொடுத்தாள். அவருக்கு என்ன சந்தேகமோ, எதிரே புளிக்கடையில் அதை மறுபடி நிறுத்துப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்தார். காலால் கடவத்தை எத்திவிட்டு, தராசுக் கோலைப் பிடுங்கி அக்காவின் தோளில் அடித்தார். அவள் சேற்றில் விழுந்தாள்.

முதலாளி ஓடி வந்து வழக்கம்போல அவள் கன்னத்தில் அறைந்தார். இந்தக் கள்ளி என் பேரைக் கெடுக்கிறாள் என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார். வண்டிக்காரருக்கு அது போதவில்லை, அவர் நின்ற இடத்திலேயே நின்றார். உடனே முதலாளி வண்டிக்காரரின் இடுப்பில் செருகியிருந்த மாட்டுச் சாட்டையை உருவிக்கொண்டார்.

சாட்டையின் வார் அக்காவின் ஈர முதுகில் விழும் சத்தம் எனக்கு இன்னும் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் முதலாளி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். புகையிலைக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வியாபாரத்தைத் தொடர்ந்தார். அக்கா தலையைக் கைகளால் மூடிக்கொண்டு கிடந்தாள். ஒரு அடியில் வாரின் நுனி அவள் காதுத் தோட்டில் மாட்டியது. அவர் இழுத்தார். தொங்கிய காது கிழிந்து இரண்டாகி, கழுத்தெல்லாம் ரத்தம்.

வண்டிக்காரரே பயந்துவிட்டார். "போரும் வே, விடும்" என்றார். முதலாளி மறுபடியும் கையை ஓங்கினார்.

நான் கையில் பிடித்திருந்த படிக்கல்லால் அவருடைய மணிக்கட்டில் அடித்தேன். யோசித்து அடித்ததல்ல. விறகு ஒடிவதுபோல எலும்பு ஒடிந்தது. அவர் ஆடுபோலக் கத்திக்கொண்டு உட்கார்ந்தார். படிக்கல் என் கையிலிருந்து நழுவி வண்டிக்காரரின் காலடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தவர் அடியில் விரலை விட்டு மெழுகைத் தோண்டினார். பிறகு அதைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார்.

அதுவரை வேடிக்கை பார்த்த கூட்டம் முதலாளியின் மேல் விழுந்தது. செருப்பாலும், விறகாலும், உடைந்த தராசுக் கோலாலும் அடித்தார்கள். அவர் வாயில் கருவாட்டைத் திணித்தார்கள். ஒரு கிழவர் அவர் முதுகில் ஏறி நின்று மிதித்தார். நான் தள்ளி நின்று பார்த்தேன். முதலில் என் மனம் குளிர்ந்தது, உண்மையைச் சொல்வதற்கென்ன. அவர் முகம் அடையாளம் தெரியாமல் போனபோதுதான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போது அக்கா சேற்றிலிருந்து எழுந்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய் முதலாளியின் மேல் கவிழ்ந்து படுத்தாள். அவளுக்கும் இரண்டு மூன்று அடி விழுந்தது. காதில் ரத்தம் சொட்ட, தலையைத் தூக்கிச் சொன்னாள்: "இவரு செத்துப்போனா எனக்க பிள்ளைகளுக்குக் கஞ்சி நீங்க ஊத்துவியளா?"

அடி நின்றது. சிதறிக் கிடந்த கருவாட்டைப் பொறுக்கிக்கொண்டு ஆட்கள் கலைந்தார்கள். வண்டிக்காரர் முதலாளியைத் தன் வண்டியிலேயே ஏற்றி வைத்தியரிடம் கொண்டு போனார். அக்காவும் கூடவே ஏறிக்கொண்டாள். வண்டி நகர்ந்தபோது அவள் என்னைப் பார்க்கவில்லை.

முதலாளி பிழைத்தார். வலது கை கோணிக்கொண்டது. மழைக்காலம் முடிந்து அவர் மறுபடி கடை போட்டபோது அக்கா அங்கேயே வேலைக்குப் போனாள். என் இடத்தில் புதிதாக ஒருத்தியை வைத்தார்கள். நான் பிறகு மிளகும், கொல்லாங்கொட்டை என்கிற முந்திரிக்கொட்டையும் வாங்கி, அருமனைப் பக்கம் வீடு வீடாகச் சுமந்து விற்றேன். அதிலும் நாய் கடித்தது, தோட்டக் காவல்காரன் கல்லெறிந்தான். ஆனால் கன்னத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலை இருக்கவில்லை.

ஒருநாள் சந்தை வழியில் அக்காவைக் கண்டு நின்றேன். காது கோணலாக ஆறியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். அவள் தலைச்சுமையை இறக்காமலே பேசினாள்.

"சாட்டையடி அன்னைக்கே ஆறிப்போச்சு. கடை பூட்டிக் கெடந்த நாளையில எனக்க இளையவன் பட்டினியில கெடந்தான். ஓங்குன கைய நீ ஒடிச்ச. ஒடிச்சது ஆரு கையின்னு நெனச்சுப் பாத்தியா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. உன் உயிரைக் காப்பாற்றினேனே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் நடந்துவிட்டாள். அந்த அடிக்காக நான் வருத்தப்பட்டதில்லை, இன்றைக்கும் இல்லை. அவள் கேட்டதைத்தான் இன்னும் நினைத்துப் பார்க்கிறேன்.