ஓர் அங்குல ஜன்னல்

எங்கள் காரோடு ஓர் ஆங்கிலக் கையேடும் வந்தது. அதில் ஓர் அத்தியாயம் முழுக்கக் குளிர்காலத்தைப் பற்றியது. காருக்குள் ஈரம் படியாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, படிந்த ஈரம் கண்ணாடியின் உட்புறம் ஐஸாக உறைந்துவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். பொன்மலை ரயில்வே குடியிருப்பில் இருந்த ஓர் ஆங்கிலோ-இந்தியர், ஐம்பதுகளின் கடைசியில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது விற்றுவிட்டுப் போன கறுப்புக் கார் அது. இன்னொருவர் கை மாறி என்னிடம் வந்தது. கண்ணாடியில் ஐஸ் உறைகிற கதையை நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டியது சித்திரை மாதத்தில். ஸ்ரீரங்கம் கொதித்துக்கொண்டிருந்தது. விசிறிக்கொண்டே கேட்ட அப்பா, "அந்தப் பக்கத்தைத் தொலைச்சுடாதேடா, கேட்டாலே ஜில்லுனு இருக்கு" என்றார். அம்மாகூடச் சிரித்தாள்.

கார் ஆசைக்காக வாங்கியதல்ல. அப்பாவுக்கு இழுப்பு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தை பிறக்கும்வரை எந்த நாள் வரும் என்று சொல்ல முடியாது. வந்துவிட்டால் தென்னூரில் இருந்த டாக்டரிடம் ஓட வேண்டும். ஊசி போட்டால்தான் மூச்சு ஒரு நிலைக்கு வரும். குதிரை வண்டியில் போனால் காவிரிப் பாலத்துக் காற்று நெஞ்சில் இறங்கி, அக்கரை போவதற்குள் பாதி உயிர் போய்விடும். நாலு பக்கமும் மூடிய வண்டியில் கூட்டிக்கொண்டு வரும்படி டாக்டரே சொன்னார். நான் ஒரு மில்லில் எஞ்சினீயராக இருந்தேன். எப்படியோ வாங்கிவிட்டேன். அப்பாவின் மூச்சை இனி நான் பார்த்துக்கொள்வேன் என்ற கர்வம்கூட எனக்கு இருந்தது.

முதல் மழைக்காலத்திலேயே அந்தக் கர்வம் இறங்கியது. காரை மூடினால் கண்ணாடி மங்கியது. சும்மா மங்கவில்லை, மோரை ஊற்றி வைத்ததுபோல வெளுத்துவிட்டது. அப்பா பின்சீட்டில் இடது ஜன்னலோரம் உட்காருவார், பக்கத்தில் அம்மா. மாம்பழச்சாலை தாண்டுவதற்குள் எனக்கு முன்னால் ரோடு இருக்காது. இடது கையால் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே, வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே போவேன். துடைத்த இடம் நான் கையை எடுப்பதற்குள் மறுபடி வெளுக்கும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினால் கண்ணாடி தெளியும், ஆனால் பின்னால் அப்பாவுக்கு நெஞ்சில் விசில் சத்தம் ஆரம்பித்துவிடும். ஏற்றினால் அவருக்குத் தேவலை, எனக்குக் கண் போய்விடும். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்றலாம் என்று வண்டியே சொல்வதுபோல இருக்கும்.

அப்போதிருந்த பாலம் பழைய பாலம், குறுகலானது. ஒரு பஸ்ஸும் ஒரு மாட்டு வண்டியும் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். பாலத்தில் ஏறியதும் அம்மா பின்னாலிருந்து, "மலைக்கோட்டை தெரியறதோ?" என்று கேட்பாள். அதுதான் அவளுக்கு அளவு. மலைக்கோட்டை தெரிந்தால் எனக்கு வழியும் தெரிகிறது என்று அர்த்தம். தெரியாவிட்டாலும் "தெரியறதும்மா" என்பேன். உச்சிப் பிள்ளையாரை ஒருநாளும் போய்ச் சேவித்திராத வைஷ்ணவரான என் அப்பா, மூச்சு வாங்கிக்கொண்டே, "பொய் சொல்றான்" என்பார்.

கையேட்டைத் திறந்தேன். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடித்து அதை வண்டியிலிருந்து அகற்றுவதுதான் முதல் வேலை என்று இருந்தது. ஈரத் துணியை, ஈரக் குடையை உள்ளே வைக்கக் கூடாது. ஹீட்டரைப் போட வேண்டும். எங்கள் காரில் ஹீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகட்டை வைத்து மூடியிருந்தார்கள், இந்தியாவுக்கு எதற்கு என்று. ஈரத் துணி விஷயம் அதைவிட மோசம். அப்பா ஹைஸ்கூலில் முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். எதையும் நிரூபித்துக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வார். பெருமாளிடமும் மடி ஆசாரத்திடமும் மட்டும் நிரூபணம் கேட்க மாட்டார். குளித்துவிட்டு மடியாக உலர்த்திய வேஷ்டியைத்தான் கட்டுவார். மழைக்காலத்தில் கொடியில் அது காயாது. காயாவிட்டால் ஈரத்தோடு பிழிந்து கட்டிக்கொள்வார். காய்ந்த வேஷ்டிகள் பெட்டி நிறைய இருக்கும், ஆனால் அவை மடியில்லை. அந்த ஈர வேஷ்டியோடுதான் காரில் ஏறி உட்காருவார். மூச்சில் பாதி ஈரம், வேஷ்டியில் பாதி ஈரம். கண்ணாடியைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

"வேஷ்டியை மாத்திண்டு வாங்கோப்பா" என்று ஒருமுறை சொன்னேன்.

"பெருமாளுக்குத் திருவாராதனம் பண்ணிட்டு வரேன்டா. இந்த மடியை விட்டுட்டு மாத்திண்டா, திரும்பி வந்து மறுபடியும் தீர்த்தமாடணும். பரவாயில்லையா?" என்றார். அவர் சொல்வதிலும் ஒரு கணக்கு இருந்தது. இரண்டாவது தடவை குளிப்பதற்கு ஈர வேஷ்டி மேல் என்று வண்டியைக் கிளப்பினேன்.

பாலக்கரையில் காரைப் பார்த்துவந்த மெக்கானிக்கிடம் கேட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்த பாய். வேலை சுத்தம். "ஒரு வெங்காயத்த ரெண்டா வெட்டி உள்பக்கம் அழுத்தித் தேய்ங்க தம்பி. துடைக்காம விட்டுடுங்க. இல்லேன்னா பீடிப் புகையிலை. ரெண்டும் கேக்கும்" என்றார். நான் விழிப்பதைப் பார்த்து, "ஏன், வீட்ல சண்டை வருமா?" என்று சிரித்தார். எங்கள் வீட்டு வாசற்படியை வெங்காயம் தாண்டியதில்லை. தளிகையறையில் நுழைந்தால் அம்மா வீட்டையே கழுவிவிடுவாள். இருந்தாலும் ஒருநாள் திருட்டுத்தனமாகப் பட்டறையிலேயே தேய்த்துக்கொண்டு வந்தேன். பாய் சொன்னது பொய்யில்லை. கண்ணாடி மங்கவில்லை. ஆனால் மறுநாள் காலை அப்பா கோவிலுக்குப் போகக் கார்க் கதவைத் திறந்தார், மூக்கைச் சுளித்தார், கதவைச் சாத்தினார். சித்திரை வீதிப் பனியில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடந்தே போனார். அன்று சாயங்காலம் இழுப்பு வந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கண்ணாடியை நானே கழுவினேன்.

அடுத்து உப்பு. கையேட்டில் இருந்த யோசனைதான். ஒரு துணிப்பையில் கல் உப்பைக் கட்டி உள்ளே வைத்தால் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளுமாம். முன்னால் தொங்கவிட்டேன். இதற்கு மட்டும் அம்மாவின் முழு ஆதரவு கிடைத்தது. "நானே சொல்லணும்னு இருந்தேன். கார் வாங்கினதுலேர்ந்தே யாரோ கண்ணு வெச்சிருக்கா" என்றாள். திருஷ்டிக்கு இல்லை, ஈரத்துக்கு என்று நான் எவ்வளவோ சொன்னேன். "எதுக்கா இருந்தா என்ன, இருக்கட்டும்" என்றுவிட்டாள். மார்கழியின் முதல் வாரத்திலேயே உப்பு தன்னால் இழுக்க முடிந்ததை இழுத்து, முடியாததைச் சொட்டுச் சொட்டாக என் காலில் விட்டது. அடித்தகட்டில் துரு ஏறியதுதான் மிச்சம். பிறகு பார் சோப்பைத் தேய்த்துப் பார்த்தேன். வெயில் எதிரே அடித்தபோது ஒரு பஸ் வரும் இடத்தில் இரண்டு வந்தன. அதையும் கழுவினேன்.

கடைசியில் மிஞ்சியது கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்த ஒரே வழி. ஒரு ஜன்னலையாவது ஓர் அங்குலம் இறக்கி வைக்க வேண்டும். அதைத்தான் நான் செய்ய முடியாது. எனக்குக் கையாலாகாத கோபம் வரும். இங்கிலாந்தில் இருக்கிறவனுக்கு இழுப்பே வராதா, அவன் அப்பா ஜன்னலோரம் உட்காரவே மாட்டாரா என்று அந்தப் புத்தகத்தைத் திட்டியிருக்கிறேன்.

இப்படியே நாலைந்து மார்கழிகளை ஓட்டிவிட்டோம். அறுபதுகளின் நடுவில் ஒரு மார்கழிக் காலை. அப்போதுதான் விடிந்திருந்தது. அம்மா வெந்நீர் போட்டு வைத்திருந்தும் அப்பா கிணற்றடியில் போய்க் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டார். வேஷ்டி வழக்கம்போலக் காயவில்லை. ஈரத்தோடு கட்டிக்கொண்டு திருமண் இட்டுக்கொள்ள உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிக்கொண்டு, தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்க, மூச்சைத் தேடிக்கொண்டிருந்தார். அப்படி ஓர் இழுப்பை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. வேஷ்டியை மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அப்படியே தூக்கிக் காரில் உட்கார வைத்தோம். அம்மா தன் கம்பளியை அந்த ஈரத்தின்மேல் போர்த்தினாள்.

ஆற்றங்கரைக்குப் போகும் அம்மா மண்டபம் ரோடு திரும்பும்போதே கண்ணாடி போய்விட்டது. வெளியே ஆற்றுப் பனி, உள்ளே எங்கள் மூச்சு. துடைத்தேன், துடைத்தேன், என் சட்டைக் கையாலும் துடைத்தேன். பாலத்தில் ஏறினால் முன்னால் காய்கறி வண்டிகள் மார்க்கெட்டுக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மாட்டு வண்டியின் பின்கட்டை என் கண்ணுக்குத் தெரிந்தபோது அது கார் மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். பின்னால் அம்மா சீட்டில் மோதிக்கொண்டு, "மலைக்கோட்டை தெரியறதோடா?" என்றாள்.

"ஒண்ணுமே தெரியலைம்மா" என்றேன். முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன்.

கையை நீட்டி என் பக்கத்து ஜன்னலை இறக்கினேன். போதவில்லை. ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஓடாது. முன்சீட்டின் இடது ஜன்னல் இறங்காமல் இறுகிப் போய்ப் பல நாளாகியிருந்தது. வண்டி நின்றபடியே உடம்பைத் திருப்பி, சீட்டுக்கு மேலாக எட்டி அப்பா பக்கத்துக் கண்ணாடியையும் ஓர் அங்குலம் இறக்கினேன். எண்ணி ஓர் அங்குலம். காவிரிக் காற்று உள்ளே வந்தது. முன்கண்ணாடி ஓரத்திலிருந்து தெளிய ஆரம்பித்தது. சைக்கிளில் பால் கேன்கள் போவது தெரிந்தது, கைப்பிடிச் சுவர் தெரிந்தது. அப்போதுதான் அப்பாவின் குரல் வந்தது.

"மூடுடா."

"பாலம் தாண்டினதும் மூடிடறேம்ப்பா. இதோ, ஆயிடுத்து."

மறுபடி அவர் சொல்லவில்லை. சொல்வதற்கு மூச்சு இல்லையோ, நான் சொன்னதைக் கேட்டு நம்பினாரோ, எனக்குத் தெரியாது. பாலம் இறங்கியதும் நிறுத்தி ஜன்னலை ஏற்றினேன். டாக்டர் ஊசி போட்டார், இன்னொன்று போட்டார், புத்தூரில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே கூட வந்தார். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். அந்த மூன்று நாளில் அவர் என்னிடம் பேசவே இல்லை. யாரிடமும் பேசும் நிலையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். அதை நான் கேட்கவில்லை.

ஜன்னலைத் திறந்ததால் ஒன்றும் ஆகவில்லை, திறக்காமல் ஆற்றில் இறங்கியிருந்தால்தான் மூன்று பேரும் போயிருப்பீர்கள் என்று டாக்டர் என் தோளைத் தட்டிச் சொன்னார். நல்ல மனிதர். அவர் சொன்னது சரி என்று இன்றும் எனக்குப் புத்தியில் படுகிறது. புத்தியோடு மட்டும் மனுஷன் வாழ்கிறானா? அம்மா அந்த ஜன்னலைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

காரை விற்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மார்கழியில் அம்மாவுக்குக் கண் பரிசோதனைக்காகத் தென்னூர்ப் பக்கம் போக வேண்டியிருந்தது. அதே காலை நேரம், அதே பனி. அம்மா பின்சீட்டில் ஏறி, தன் பழைய இடத்தில் வலது பக்கமாகவே உட்கார்ந்தாள். பிறகு காலியாக இருந்த இடத்துக்குக் குறுக்கே உடம்பைச் சாய்த்து, இடது ஜன்னலின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். கண்ணாடி ஏற்கெனவே மேலேதான் இருந்தது. இன்னும் இறுகுகிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். எந்த ஞாபகத்தில் செய்தாளோ, செய்த பிறகு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் என் பக்கத்து ஜன்னலை முழுக்க ஏற்றிவிட்டேன்.

துணியை மடியில் போட்டுக்கொண்டு ஓட்டினேன். மாம்பழச்சாலை வந்தது. கண்ணாடி மங்கவில்லை. பாலத்தில் ஏறினேன். மங்கும், இதோ மங்கும் என்று பார்த்துக்கொண்டே போனேன். மங்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். எல்லா ஜன்னலும் மூடித்தான் இருந்தன. கண்ணாடியின் ஓரங்களில் மட்டும் லேசாக ஒரு வெளுப்பு வந்து, அதுவும் போய்விட்டது. ஈரம் எங்கிருந்து வருகிறதோ அதை வண்டியிலிருந்து அகற்று என்று அந்தப் புத்தகத்தில் படித்ததை நினைத்துக்கொண்டேன். பாலத்தின் அந்த முனைவரை பளிச்சென்று தெரிந்தது.

"இன்னிக்கு மலைக்கோட்டை நன்னாத் தெரியறது, இல்லையோ?" என்றாள் அம்மா.

"தெரியறதும்மா" என்றேன். பொய் சொல்றான் என்று சொல்லப் பின்னால் யாருமில்லை.