மூன்றாவது பெட்டியில் ஒரு குரல்

எங்கள் அலுவலகத்தில் சர்வருக்கும் ஆயுதபூஜை உண்டு. புதுக்கோட்டையில் ஆட்டோவுக்கும் அரிவாளுக்கும் வைக்கிற சந்தனத்தைக் கம்ப்யூட்டருக்கு வைத்தால் என்ன குறைந்துவிடும் என்பார் முதலாளி. நான் ஆவூர்ப் பக்கத்துக் கிறித்தவக் குடும்பத்துப் பெண். அன்று என் வேலை சுண்டல் தின்பதும், ஈரச் சந்தனம் மின்விசிறி ஓட்டைக்குள் போகாமல் பார்த்துக்கொள்வதும்தான். இது நடந்த வருடம் லீவில் இருந்தேன், சுண்டலும் போயிற்று.

நாங்கள் சேமித்துவைப்பது ஜெகதாப்பட்டினத்து விசைப்படகுகளின் ஒயர்லெஸ் பேச்சு. கடலிலிருந்து கரைக்கு வருகிற ஒவ்வொரு குரலும் தானாகப் பதிவாகி, மூன்று சர்வர்களில் மூன்று நகல்களாக உட்காரும். ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டும் தாங்கும். அதனால் பராமரிப்பு என்றால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நிறுத்த வேண்டும். ஆனால் பூஜையன்று எல்லா ஆயுதமும் ஓய்வெடுத்தாக வேண்டுமே! மூன்றையும் நிறுத்துவார்கள். ஒவ்வொரு வருடமும் பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசியில் தூங்கியதை முதலில் எழுப்புவேன். அதற்குத்தான் கடைசிவரை நடந்ததெல்லாம் தெரியும்.

அந்த வருடம் காலையில் மூத்த சர்வரை முதலில் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். பிறகு நடுவிலது. மதியம் போலக் கடைசி. மறுநாள் விஜயதசமி. மூத்ததற்குத்தானே முதல் மரியாதை? அதற்கே முதல் கற்பூரம் காட்டி, அதையே முதலில் எழுப்பினார்கள். கூட்டாளிகள் இல்லாமல் எழமாட்டேன் என்று அது அடம்பிடித்தது. இவர்கள் விடவில்லை, கட்டாயப்படுத்தி எழுப்பிவிட்டார்கள். மற்ற இரண்டும் எழுந்ததும், தனக்குத் தெரியாத பதிவையெல்லாம் பிழை என்று அவற்றிலிருந்து அழிக்கத் தொடங்கியது மூத்தது.

எனக்குப் போன் வந்தது. விஷயம் புரிந்ததும் கத்தினேன்.

"மூணாவதோட நெட்வொர்க் வயரப் பிடுங்குங்க! மொதல்ல பிடுங்குங்க!"

"நல்ல நாளும் அதுவுமா ஏம்மா கத்துற?" என்றார் முதலாளி. பிடுங்கினார், கொஞ்சம் தாமதமாக.

போனது ஒரு காலைப்பொழுதின் பேச்சுதானே, ஐஸும் மீன்விலையும் வசவும்தானே இருந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சில நாள் கழித்து ஒரு பெண் வந்தார். அவருடைய கணவர் படகு ஓட்டுநர். பூஜையன்று காற்றில் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்களை இன்னொரு படகு தூக்கிவந்தது; அவர் மட்டும் கிடைக்கவில்லை.

"கவுறதுக்கு முன்னாடி அவுக ஒயர்லெஸ்ல கரைக்குப் பேசுனாகளாம். காத்துல கூட இருந்தவங்களுக்கு ஒண்ணும் வெளங்கலையாம். நீங்க எல்லாத்தையும் புடிச்சு வச்சிருப்பீங்களாமே?"

எப்போது பேசினார் என்று கேட்டேன். சொன்னார். மூத்ததும் நடுவிலதும் தூங்கிய பிறகு, மூன்றாவது மட்டும் விழித்திருந்த நேரம். கரையில் ஒயர்லெஸ் அறையிலும் அன்று பூஜை. ஆள் பொரி வாங்கப் போயிருந்தார். அந்தப் பேச்சை உயிருள்ள காது எதுவும் கேட்கவில்லை. இருந்தால் அந்த மூன்றாவது பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

அழித்தது உடனே போய்விடாது. இடம் காலி என்று குறிப்பதோடு சரி. மேலே வேறு ஏதாவது எழுதும்வரை பழையது அடியில் கிடக்கும். டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து, நகலில் தோண்டினேன். பதிவுகள் துண்டு துண்டாகக் கிடந்தன. எது தலை, எது வால் என்று காதால்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முதலில் அகப்பட்டது வால்.

"கேக்குதா? கேக்குதா?"

அதை எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. ஹெட்போனைக் கழற்றிய பிறகும் கேட்டது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், இன்ஜின் சத்தத்துக்கு உள்ளே கேட்டது. அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் "கேக்குது, கேக்குது" என்று பதறி எழுந்தேன். பயமாக இருந்தது. ஒரு நாள் அந்த மனிதர் மேலேயே எரிச்சல் வந்து, விடுங்களேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அழுதேன்.

மற்ற துண்டுகளும் ஒவ்வொன்றாக வந்தன. "காத்து ஏறுது. வலைய இழுத்துக்கிட்டுக் கெளம்பிருவோம்." பிறகு, "வீட்டுல சொல்லிருங்க." அதற்கடுத்த துண்டு மட்டும் இல்லை. அதன் மேல் வேறு எழுதியாகிவிட்டது. வீட்டில் என்ன சொல்லச் சொன்னார் என்பது இனி யாருக்கும் தெரியாது. அதன்பின் "கேக்குதா?"

"ரெண்டு பக்கத்தையும் ஒட்டி விட்ரும்மா, தெரியவா போகுது?" என்றார் முதலாளி. அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பெண் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. காணாமல் போன துண்டின் நீளத்துக்கு வெறுமையை விட்டுவைத்தேன்.

அந்தப் பெண்ணை வரச்சொல்லி எதையும் மறைக்காமல் சொன்னேன். "நடுவுல ஒரு துண்டு போயிருச்சுங்க. எங்க ஆபீஸ் தப்பு." தலையாட்டினார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். ஒருமுறை கேட்டார். முகத்தில் எதுவும் அசையவில்லை.

"இன்னொருக்கா போடுங்க."

போட்டேன். குரலின் அலை திரையில் ஓடியது. எந்த இடத்தில் என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். அலை படுத்துக் கோடான இடத்தில் அவர் குனிந்து, இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். கோடு முடிந்து அலை எழுந்தது. காதை அடைத்திருந்ததால், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"கேக்குதுங்க. சொல்லுங்க."

பதிவு அதோடு முடிந்துவிட்டது. அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை.