கண்ணாடிக்கு மேலே ஓடிய ரயில்

‘முடிவெட்டும் கடையில் ரயிலுக்கு என்ன வேலை?’

இந்தக் கேள்வியை என்னிடம் ஒருவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. திருதிருவென்று விழித்தேன். அதன் பிறகு அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். இப்போது தெரியும். புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

அந்தக் கடைக்காரரை எல்லோரும் ‘கார்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ரயிலில் அவர் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கத்தரி பிடிக்கிறவர். ஒருவருக்கு வெட்டி முடித்ததும் பச்சைத் துண்டை உதறி, வாயாலேயே ஒரு விசில் அடித்து, “அடுத்த ஆளு ஏறலாம்!” என்பார். அதனால் வந்த பெயர்.

கடை பதினாறு அடி நீளம், பத்து அடி அகலம். இரண்டு நாற்காலி, அவற்றுக்கு எதிரே சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, பின்னால் காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்ச். முதல் நாற்காலியில் கார்டு வெட்டுவார். இரண்டாவதில் அவருடைய மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி. கடையில் சரிபாதி அவருக்குச் சொந்தம். கார்டு வாய் ஓயாமல் பேசுகிறவர். மைத்துனரோ ஒரு வார்த்தை பேசினால் கத்தரி கூர் மழுங்கிவிடும் என்று நினைக்கிற ரகம்.

ரயில் வந்தது வெல்டரால். பக்கத்துத் தெருப் பட்டறையில் வேலை செய்யும் அந்த வெல்டர், தோள் வரை சுருட்டை முடி வளர்த்து அதைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்பவர். ஒரு நாள் நுனி வெட்ட வந்தவர், ஒரு பையிலிருந்து உள்ளங்கை நீளத்தில் ஒரு ரயில் எஞ்சினும் இரண்டு பெட்டியும் எடுத்து வைத்தார்.

“பழைய சாமான் கடையில வாங்குனேன் கார்டு. ஓட மாட்டேங்குது. கீழே போடவும் மனசு வரல.”

கார்டு அதைக் குப்புறப் போட்டார். ஷேவிங் பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுச் சக்கரங்களைத் துடைத்தார். முடிவெட்டும் மெஷினுக்கு விடும் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டார். பேட்டரிக் கம்பியை எஞ்சினில் தொட வைத்ததுதான் தாமதம், எஞ்சின் விருட்டென்று மேசையில் ஓடிப் பவுடர் டப்பாவை முட்டித் தள்ளியது. கார்டு அந்த நிமிஷமே கவிழ்ந்துவிட்டார்.

அடுத்த ஆறு மாதம் அவருக்குக் கை நின்றதில்லை. கண்ணாடிக்கு மேலே, நான்கு சுவரையும் சுற்றி, ஒரு சாண் அகலத்தில் பலகை அடித்தார். வாசலுக்கு மேலே பலகைக்குப் பதில் பாலம். தண்டவாளம் மட்டும் கடையில் வாங்கியது. மற்றதெல்லாம் சொந்தக் கைவேலை. பவுடர் டப்பா அட்டையில் ஸ்டேஷன். பிளேடு உறைகளைப் பொடிப்பொடியாகக் கத்தரித்து ஒட்டிய ஆயிரத்து இருநூறு ஓடு அதன் கூரை. ஷேவிங் கிரீம் மூடி தண்ணீர்த் தொட்டியானது. உடைந்த சீப்புகள் வேலியாயின. காது குடையும் பஞ்சுக் குச்சியில் கைகாட்டி. முதலில் கட்டிய ஸ்டேஷனின் கதவு மட்டும், அதில் நிற்கும் இரண்டு சென்டிமீட்டர் ஆள் எகிறிக் குதித்தாலும் தாழ்ப்பாள் எட்டாத உயரத்தில் அமைந்துவிட்டது. “ராட்சசனுங்க டிக்கெட் எடுக்குற ஊரா மாமா?” என்று மைத்துனர் வாயைத் திறந்ததே அப்போதுதான். கார்டு அதைப் பிய்த்துப் போட்டு, ஒரு ஆளுக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்து, மறுபடி கட்டினார்.

புல்லுக்கு என்ன செய்வது? கடையில் பஞ்சமில்லாத பொருள் ஒன்று உண்டே. வெட்டி விழுந்த முடியைப் பொடியாக நறுக்கி, பச்சைச் சாயத்தில் தோய்த்து, பசை தடவிய மேட்டில் தூவினார். ஊரே அதில் பங்கு கேட்க ஆரம்பித்தது. “அந்த மேடு என்னுது. போன மாசம் வெட்டுனது.” “தோப்புக்குப் பக்கத்துல கருகருன்னு இருக்கே, அது என் பையன் முடி.” தலையில் ஒன்பது முடி மட்டும் மிச்சமிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர், “எனக்கு ஒண்ணும் கிடையாதா? இது என்னய்யா ஓரவஞ்சனை?” என்று சண்டைக்கே வந்துவிட்டார். அவர் நரைமுடி இரண்டைப் புகைக்கூண்டிலிருந்து புகை வருவது போல ஒட்டிய பிறகுதான் சமாதானமானார்.

ரயில் ஓடியது. கடகடவென்று பாலத்தில் ஏறி, வாசலைத் தாண்டி, பெஞ்சுக்கு மேலே போய், மறுபடி கண்ணாடிக்கு மேலே வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நாற்காலியில் இருந்தவர்களும் பார்த்தார்கள். அங்கேதான் வினை.

முடிவெட்டிக்கொள்கிற ஆள் ரயிலைப் பார்த்தால் தலை சும்மா இருக்குமா? ரயில் இடது சுவருக்குப் போனால் தலையும் இடப்பக்கம் போகும். பின்னால் போனால் கண்ணாடியில் தேடும். மறுநாள் கல்யாணம் வைத்திருந்த ஒரு மாப்பிள்ளைக்கு மைத்துனர் பிடரியில் மெஷின் வைத்த நேரம், ரயில் பாலத்தில் ஏறியது. மாப்பிள்ளை ‘அட!’ என்று திரும்பினார். காதிலிருந்து காதுக்கு வெள்ளையாக ஒரு கோடு.

ஒரு மணி நேரத்தில் மாப்பிள்ளையின் அக்கா தம்பியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். “இது என்ன தலையா, லெவல் கிராசிங்கா? நாளைக்குப் போட்டோவுல இவன் பின்பக்கம் திரும்பவே கூடாதா?”

கார்டுக்குச் சிரிப்பு வந்தது. மைத்துனருக்கு வரவில்லை. அக்காவும் தம்பியும் போன பிறகு அவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

“மாமா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அன்னைக்கு முழுக்க வண்டி ஓடட்டும். கடைசித் தலை வரைக்கும் ஒரு தலைகூட கோணக் கூடாது. ஒண்ணு கோணுனாலும் மொத்தத்தையும் கழட்டிடணும். பாதிக் கடை என்னுது.”

“சரி மாப்ள” என்றார் கார்டு. சொல்லிவிட்டு ஸ்டேஷன் கூரையை நிமிர்ந்து பார்த்தார். ஆறு மாத உழைப்பு. ஆயிரத்து இருநூறு ஓடு.

மறுநாள் ரயிலை மெதுவாக ஓட்டிப் பார்த்தார். தலைகள் மெதுவாகத் திரும்பின. அதற்கடுத்த நாள் திரை கட்டி மறைத்தார். சத்தம் வந்த பக்கமெல்லாம் திரும்பினார்கள். “தயவு செஞ்சு ரயிலைப் பாக்காதீங்க” என்று எழுதி ஒட்டினார். எழுதியதைப் படித்த கையோடு, எங்கே ரயில் என்று தேடினார்கள்.

வியாழக்கிழமை கார்டின் மனைவி கடைக்கு வந்தார். பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலை பார்ப்பவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்கவேண்டும் என்று சொல்வதுதான் அவர் வேலை. பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, ஒரு மணி நேரம் எழுதினார். ரயிலை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தலைகளைத்தான் பார்த்தார்.

“என்னங்க, ஒரு ஆளுக்கு முடி வெட்டுறதுக்குள்ள ‘நிமிருங்க, குனியுங்க, இப்படித் திரும்புங்க’ன்னு எத்தனை வாட்டி சொல்றீங்க தெரியுமா?”

“எண்ணிப் பாத்ததில்லையே.”

“பதினோரு வாட்டி. சொல்லியும் பாதிப் பேரு திரும்பறதில்ல. நீங்களே கையால திருப்புறீங்க. ரயிலுக்கு மட்டும் சொல்லாமலே திரும்புறாங்க.” நோட்டை மூடினார். “அப்போ நிறுத்துறதுக்கு ஏன் பாக்குறீங்க? தலை எங்க வேணுமோ அங்க ரயிலைக் கொண்டு போங்க!”

கார்டு கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தார். பிறகு விசில் அடித்தார். பிறகு மனைவியைப் பச்சைத் துண்டால் ஒரு சுற்றுச் சுற்றினார். “ஐயோ, முடி! முடி ஒட்டுது!” என்று அவர் கத்தியதைத் தெருவே கேட்டது.

கண்ணாடிக்கு மேலே நடுவில் ஒரு ஸ்டேஷன், பெயர் ‘நிமிர்ந்தூர்’. இடது சுவரில் ‘இடப்புறம்’. வலது சுவரில் ‘வலப்புறம்’. ரயிலை நிறுத்த கார்டின் காலடியில் ஒரு சுவிட்சு. ஆனால் பிடரி வெட்டத் தலை குனியவேண்டுமே, மேலே ஓடும் ரயிலைப் பார்த்து எவன் குனிவான்? ரயிலைக் கீழே இறக்க ஒரு சரிவு போட்டார். இறங்குவது இறங்கியது. ஏறும்போது சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றியது. கடைக் காற்றில் மிதக்கும் பவுடரும் எண்ணெயும் தண்டவாளத்தில் படிந்து அதை வழுக்கலாக்கிவிட்டன.

“பெரிய வண்டி போகாத ரோட்டுக்கு நாங்க மினி பஸ் விடறதில்லையா?” என்றார் மனைவி.

அவ்வளவுதான். கண்ணாடிக்குக் கீழே, சீப்பும் கத்தரியும் வைக்கும் மேடையில், ஒன்றரை அடிக்கு ஒரு குட்டித் தண்டவாளம். அதில் தீப்பெட்டி அளவில் ஒரு தள்ளுவண்டி. அந்த ஊர் ‘குனிந்தூர்’. மேலே ரயில் நின்றதும் கீழே தள்ளுவண்டி கிளம்பும். பார்க்கிறவர் முகவாய் நெஞ்சில் இடிக்கும். பிடரி பளிச்சென்று கத்தரிக்கு முன்னால் வந்து நிற்கும்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. ரயில் ஒன்று, நாற்காலி இரண்டு. இரண்டு தலையும் ஒரே நேரத்தில்தான் திரும்பும். அப்படியானால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் வெட்டவேண்டும். மனைவி ஒரு தலைக்குப் பதினான்கு நிமிஷம் என்று கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினார். மைத்துனர் அதைப் படித்துவிட்டு, “இனிமே நான் கிருதா எடுக்கறதுக்கும் டிப்போ உத்தரவு வேணுமாக்கா?” என்றார்.

“ஆமாண்டா. லேட்டானா மெமோ குடுப்பேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே கூட்டம். பெஞ்சு நிரம்பி வாசலில் நின்றார்கள். கார்டு விசில் அடித்தார். ரயில் இடப்புறம் போனது. இரண்டு தலையும் இடப்புறம் போயின. இரண்டு கத்தரியும் வலது காதுக்குப் பின்னால் போயின. நிமிர்ந்தூர், இரண்டும் நிமிர்ந்தன. குனிந்தூர், இரண்டும் குனிந்தன. கடையில் யாரும் யாரையும் ‘திரும்புங்க’ என்று சொல்லவில்லை. பெஞ்சில் இருந்தவர்களின் தலைகளும் சேர்ந்து ஆடின. ஒரு சிரிப்பு கிளம்பி, பெஞ்சிலிருந்து வாசலுக்குப் போய், தெருவைத் தாண்டியது. பத்து தலை. இருபது தலை. எல்லாம் அளவெடுத்தாற்போல நேர். கார்டுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முப்பத்தோராவது தலை வெல்டருடையது. அதுதான் கடைசி. மைத்துனரின் நாற்காலியில் உட்கார்ந்தார். “நுனி மட்டும் தம்பி. சுருட்டையில கை வெச்சா நான் மனுஷனா இருக்க மாட்டேன்.”

கார்டு ரயிலைக் காதால் கேட்டே ஓட்டுவார். பாலத்தில் ஒரு சத்தம், வளைவில் ஒரு சத்தம், அவருக்கு நிமிர்ந்து பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. மைத்துனருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எந்த ஸ்டேஷன் என்று தெரிய, காலையிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நொடி மதியத்துக்குள் இரண்டு நொடியானது. சாயங்காலத்துக்குள் மூன்றானது. இப்போது ரயில் பாலத்தில் ஏறியதும், கத்தரி தன் பாட்டுக்கு நடக்க, அவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

‘சர்ரக்.’

ஒரு கொத்துச் சுருட்டை தரையில் விழுந்தது. இடது பக்கம் காதுக்கு மேலே ஏறிவிட்டது. வலது பக்கம் தோளில் தொங்கியது. மைத்துனர் வலதைக் கொஞ்சம் ஏற்றினார். அது இடதை விட ஏறிவிட்டது. பதறிப்போய் இடதை ஏற்றினார்.

“கோணிடுச்சு மாமா” என்றார் மைத்துனர். முகம் செத்துப்போயிருந்தது. “வண்டி மேல தப்பில்ல. அவரு தலை சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் பாத்துட்டேன்.”

“யாரு பாத்தா என்ன மாப்ள? கோணுனா கோணுனதுதான். பேச்சு பேச்சுதான்.” கார்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஸ்டூலில் ஏறினார். நிமிர்ந்தூருக்குக் கீழே இருந்த முதல் திருகாணியைக் கழற்றினார். இரண்டாவது ஆணியில் ஸ்க்ரூ டிரைவர் இரண்டு தடவை வழுக்கியது.

“கார்டு, கொஞ்சம் இறங்கு.” வெல்டர் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “பேச்சு என்ன? கடைசித் தலை வரைக்கும் கோணக் கூடாது, அவ்வளவுதானே? இந்தத் தலை இன்னும் முடியல. தம்பி, மொட்டை போடு.”

“அண்ணே!”

“மொட்டையில கோணல் எங்கடா வரும்? போடு!”

பெஞ்சு எழுந்து நின்று கூச்சல் போட்டது. கார்டு ஸ்டூலிலிருந்து இறங்கினாரா, விழுந்தாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மைத்துனர் ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வழித்து முடித்தார். முப்பத்தோராவது தலை பளபளவென்று, முட்டை மாதிரி, எந்தப் பக்கம் அளந்தாலும் நேராக வந்தது. வெல்டர் அதைத் தடவிப் பார்த்து, “குளுகுளுன்னு இருக்குடா, இத்தனை வருஷம் சும்மா சுமந்திருக்கேன்” என்று சிரித்தார். அவர் மனைவி வீட்டில் என்ன சொன்னார் என்பது தனிக்கதை. அவர் அதைச் சொல்ல மறுக்கிறார்.

கழற்றிய ஆணியை மைத்துனரே ஸ்டூலில் ஏறித் திருப்பிப் போட்டார். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார்: வேலை நேரத்தில் ரயில் தன் கண்ணில் படக்கூடாது. இப்போது அவர் மூக்குக்கண்ணாடியின் இரண்டு பக்கமும், மேலேயும், பிளேடு பெட்டி அட்டையை வெட்டி ஒட்டியிருக்கிறார், வண்டி இழுக்கும் குதிரைக்குக் கட்டுகிற மாதிரி. எந்த ஸ்டேஷன் என்று அவருக்குத் தெரியவேண்டுமே? கார்டு அறிவிக்கிறார். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு, வண்டி இடப்புறம் வந்துகொண்டிருக்கிறது!” உடனே இரண்டு தலை, இரண்டு கத்தரி, பெஞ்சு முழுக்க ஒரு வரிசைத் தலை.

முடிவெட்டும் கடையில் ரயிலுக்கு என்ன வேலை என்று உங்களிடமும் யாராவது கேட்டால், விழிக்காமல் இதைச் சொல்லுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த தடவை முடிவெட்டப் போய்ப் பெஞ்சில் காத்திருக்கும்போது, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லிவையுங்கள். அவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.